ஒயின் ஷாப்ல ஒயின் கேட்டா: கிறிஸ்துமஸுக்கு ஒரு பாட்டில் வாங்கறது எப்படி?

  

தமிழ்நாட்டுல மதுக்கடைக்கு ஊரே வெச்சிருக்கிற பேரு ‘ஒயின் ஷாப்’. செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம், கேளம்பாக்கம், எங்க போனாலும் அதே பேருதான். ஆனா அங்க போய் நிஜமாவே ஒயின் கேட்டுப் பாருங்க. பிராந்தி இருக்கும், ரம் இருக்கும், பீர் கூலிங்கா இருக்கா இல்லையான்னு ஒரு வாக்குவாதமும் இருக்கும். ஒயின்னா மட்டும் கவுண்டர்ல இருக்கிற அண்ணன் ஒரு நிமிஷம் யோசிப்பார். அப்புறம் மேல் தட்டுல ஓரமா நிக்கிற ஒரு பாட்டிலை எடுத்து, தூசியைத் துடைச்சுக் குடுப்பார்.

அந்தத் தூசியைப் பத்தித்தான் இன்னைக்குப் பேசப் போறோம்.

நம்ம கேட்பவர் ஒருத்தர் கேள்வி அனுப்பியிருந்தார். ஓஎம்ஆர்ல வேலை பார்க்கிற எட்டு பேர், கிறிஸ்துமஸ் லீவுக்கு மாமல்லபுரம் பக்கம் ஒரு வீடு எடுத்திருக்காங்க. “இந்தத் தடவை ஒயின் வாங்கலாம்னு இருக்கோம். எந்த பிராண்ட் நல்லது? பாண்டியில வாங்கிட்டு வந்தா காசு மிச்சமாகுமா?” இதுதான் கேள்வி.

பிராண்ட் பேரு சொல்லப் போறதில்லை. ஏன்னா இணையத்துல கிடைக்கிற கிறிஸ்துமஸ் ஒயின் பட்டியல் பெரும்பாலும் வேற ஒரு டிசம்பருக்காக எழுதினது. அங்க வெளியில பனி, மேசையில வான்கோழி. நமக்கு மதியம் 28, 29 டிகிரி, மேசையில மட்டன் பிரியாணியும் வஞ்சிரம் வறுவலும். அதனால நாம பார்க்க வேண்டியது மூணு விஷயம்: தட்டு, வெயில், ரோடு. ஒண்ணொண்ணா வரலாம்.

அதுக்கு முன்னாடி ஒண்ணு. தமிழ்நாட்டுல மது வாங்க 21 வயசு ஆகியிருக்கணும். குடிக்காதவங்க குடிக்க ஆரம்பிக்கணும்கிறதுக்காக இந்த எபிசோட் இல்லை. உங்களுக்கும் கடைசியில ஒரு ரெசிபி இருக்கு.

தட்டுல என்ன இருக்கு?

காரத்துக்கும் ஆல்கஹாலுக்கும் ஆகாது. மிளகாயில இருக்கிற கேப்சைசின் நாக்குல எரிச்சலைக் கிளப்பும். ஆல்கஹால் அதை இன்னும் தூக்கி விடும். சிவப்பு ஒயின்ல டானின்னு ஒண்ணு இருக்கு, கட்டாங்காப்பி மாதிரி நாக்கை உலர வைக்கிற துவர்ப்பு. காரமான குழம்போட சேர்ந்தா அது கசப்பாவே தெரியும். ஆக, விலை அதிகமான, அழுத்தமான கேபர்னே சாவிஞான் பாட்டில் ஒண்ணை வாங்கி, நண்டு மசாலாவோட குடிச்சா, ரெண்டுமே வீண். “இதுக்கு பீரே தேவலை”ன்னு யாராவது சொல்வாங்க. அன்னைக்கு அவங்க சொல்றதுதான் சரி.

காரத்துக்கு ஒத்துப் போறது லேசான இனிப்பும் கொஞ்சம் புளிப்பும் இருக்கிற, ஜில்லுனு குடிக்கிற வெள்ளை ஒயின். இந்தியாவுல ஷெனின் பிளாங்க் திராட்சையில நிறைய பேர் இதைப் பண்றாங்க. பெரும்பாலும் நாசிக் பக்கத்துலயிருந்து வருது. மீன் வறுவல், இறால் 65 மாதிரி எண்ணெய்ப் பண்டத்துக்கு ஸ்பார்க்ளிங் அருமையா இருக்கும். அந்தக் குமிழியும் புளிப்பும் எண்ணெய்ப் பிசுக்கை எடுத்துடும். மட்டன் பிரியாணிக்கு ரோஸே. சிவப்புதான் வேணும்னு அடம் பிடிக்கிறவங்களுக்கு டானின் அதிகம் இல்லாத லேசான சிவப்பு. ஆனா மீனோட வேண்டாம். சிவப்பு ஒயின்ல இருக்கிற இரும்பு, மீன் எண்ணெயோட சேர்ந்து வாயில கவிச்சி வாடையைக் கொண்டு வரும்.

பிளம் கேக், குல்குல், அச்சு முறுக்குன்னு வரும்போது ஒரு விதி போதும்: ஒயின் பலகாரத்தை விட இனிப்பா இருக்கணும். இல்லாட்டி புளிச்ச தண்ணி மாதிரி இருக்கும். இங்க ‘போர்ட் ஒயின்’ பேருல கிடைக்கிற இனிப்பு ஒயின் கேக்குக்கு சரியாதான் இருக்கும். நிஜ போர்ட் போர்ச்சுகல்ல டூரோ பள்ளத்தாக்குல, திராட்சைச் சாராயம் சேர்த்துப் பண்றது. ஆல்கஹால் சுமார் 20 சதவீதம் இருக்கும். நம்ம கடையில இருக்கிறது அதே சரக்குன்னு நினைச்சுக்காதீங்க. லேபிள்ல சதவீதத்தைப் படிச்சுட்டு வாங்குங்க.

வெயில் என்ன பண்ணும்?

இப்ப தூசிக்கு வருவோம். டாஸ்மாக் 1983ல ஆரம்பிச்ச அரசு நிறுவனம். 2003லயிருந்து சில்லறை விற்பனையும் அவங்க கையில. விக்கிறதுல பெரும்பகுதி பிராந்தி மாதிரி சரக்கும் பீரும்தான். ஒயின் அங்க ஓடாத சரக்கு. நாற்பது சதவீதத்துக்கு மேல ஆல்கஹால் இருக்கிற பிராந்திக்கு வெயில் பெரிய விஷயம் இல்லை. ஒயின் அப்படி இல்லை, அதைப் பழம் மாதிரி நினைச்சுக்கோங்க. 12லயிருந்து 15 டிகிரி வரைக்கும் இருக்கிற இடத்துல அது நிம்மதியா இருக்கும். ஏப்ரல், மே முழுக்க ஏசி இல்லாத தட்டுல நின்ன பாட்டில்னா, உள்ள இருக்கிறது வெந்து போயிருக்கும். பழ வாசனை போய், காய்ச்சின ஜாம் வாசனை வரும்.

அதனால முதல் கேள்வி “எந்த பிராண்ட்?” இல்லை, “எந்தக் கடை?” ஏசி இருக்கிற, ஒயின் சீக்கிரம் வித்துப் போற கடையில வாங்குங்க. மால்களுக்குள்ள இருக்கிற எலைட் டாஸ்மாக் கடைகள்ல நீங்களே தட்டுலயிருந்து எடுத்துப் பார்க்க முடியும். கையில எடுத்ததும் நாலு விஷயம் பாருங்க.

ஒண்ணு, கழுத்துப் பகுதியில ஒயின் மட்டம். பக்கத்துல இருக்கிற அதே பாட்டிலை விடக் குறைவா இருந்தா வேண்டாம். ரெண்டு, கார்க் மேல தள்ளிக்கிட்டு வந்திருக்கா, மூடியைச் சுத்திப் பிசுபிசுன்னு இருக்கா? அப்படின்னா சூட்டுல விரிஞ்சு கசிஞ்சிருக்கு. மூணு, திருகு மூடி. அதை மட்டமா நினைக்காதீங்க. உலர்ந்து சுருங்கற கார்க்கை விட நம்ம ஊருக்கு அதுதான் பாதுகாப்பு. பீச் வீட்டுல கார்க் திருகி தேடி அலையவும் வேண்டாம். நாலு, வருஷம். வெள்ளை, ரோஸே ரெண்டும் ஒண்ணு ரெண்டு வருஷத்துக்குள்ள இருந்தா நல்லது. இதுல ஒரு சின்னக் கணக்கு இருக்கு: நாசிக்ல அறுவடை ஜனவரியிலயிருந்து மார்ச் வரைக்கும், ஐரோப்பாவுல செப்டம்பர், அக்டோபர். லேபிள்ல ஒரே வருஷம் போட்டிருந்தாலும் நம்ம பாட்டில் அரை வருஷம் மூத்தது.

வீட்டுக்கு வந்த பிறகும் வேலை இருக்கு. “சிவப்பு ஒயினை ரூம் டெம்பரேச்சர்ல குடிக்கணும்”னு படிச்சிருப்பீங்க. அந்த ரூம் ஐரோப்பாவுல 16, 18 டிகிரி இருந்த பழைய காலத்து ரூம். மாமல்லபுரத்து ரூம் இல்லை. சிவப்பையும் அரை மணி நேரம் ஃப்ரிட்ஜ்ல வைங்க. வெள்ளைக்கு ரெண்டு மணி நேரம். அவசரம்னா ஒரு வாளியில பாதி ஐஸ், பாதி தண்ணி, ஒரு கை உப்பு. 20 நிமிஷம் போதும். வர்ற வழியில கார் டிக்கியில மட்டும் விட்டுட்டு, சாப்பிடப் போயிடாதீங்க.

எத்தனை பாட்டில்?

750 மில்லி பாட்டில்ல 150 மில்லி வீதம் அஞ்சு கிளாஸ் வரும். “ஒயின்தானே, ஜூஸ் மாதிரி”ன்னு ஒரு பேச்சு இருக்கு. கணக்குப் போடுவோம். 13 சதவீத ஒயின்ல ஒரு கிளாஸ்னா 19.5 மில்லி ஆல்கஹால். 42.8 சதவீத பிராந்தியில 30 மில்லி ஸ்மால்னா சுமார் 12.8 மில்லி. அப்ப ஒரு கிளாஸ் ஒயின், ஒன்றரை ஸ்மாலுக்குச் சமம். ஒரு முழு பாட்டில் ஏழரை ஸ்மால். ஏழரைன்னதும் சனி ஞாபகம் வந்தா, வரட்டும்.

எட்டு பேர்ல அஞ்சு பேர் குடிக்கிறவங்கன்னா, ஒரு ராத்திரிக்கு ரெண்டு பாட்டில் போதும். ஆளுக்கு ரெண்டு கிளாஸ். ஆறு மலிவு பாட்டில் வாங்கற காசுல மூணு நல்ல பாட்டில் வாங்குங்க. மிச்சம் இருந்தா மூடி ஃப்ரிட்ஜ்ல வைங்க, ரெண்டு மூணு நாள் தாங்கும்.

ரோடு

இப்ப பாண்டி. முதல்ல ஒரு பழைய கதை. இதே இசிஆர்ல தெற்கே போனா, புதுச்சேரியைத் தாண்டினதும் அரிக்கமேடு. 1945ல மார்ட்டிமர் வீலர் அங்க அகழாய்வு பண்ணினப்ப, மத்தியதரைக் கடல் பக்கத்துலயிருந்து ஒயின் வந்த ஆம்போரா ஜாடிகளோட துண்டுகள் கிடைச்சுது. ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடி, செங்கடல் வெயிலைத் தாண்டி, பருவக்காத்தைப் பிடிச்சு, கப்பல்ல வந்த ஒயின். புறநானூற்றுலயும் யவனர் கொண்டு வந்த மதுவைப் பத்தி வருது. ஆக, இந்தக் கரைக்கு ஒயின் புதுசு இல்லை.

ஆனா இன்னைக்கு அந்த ஊர்லயிருந்து ஒரு பாட்டிலை மாமல்லபுரத்துக்குக் கொண்டு வர்றது வேற கதை. நம்ம மதுவிலக்குச் சட்டம் 1937ல, ராஜாஜி ஆட்சியில வந்தது. முதல்ல சேலம் மாவட்டத்துல அமலாச்சு. அப்ப பாண்டி பிரெஞ்சுக்காரங்க கையில. 1954 வரைக்கும் அப்படித்தான். ரெண்டு பக்கமும் ரெண்டு விதமா வளர்ந்துச்சு. பாண்டியில வரி கம்மி, விலையும் கம்மி. ஆனா அந்தப் பாட்டிலுக்குத் தமிழ்நாட்டு வரி கட்டலை. அதை இங்க கொண்டு வந்தா 1937 சட்டப்படி வழக்கு வரும். பாட்டில் மட்டும் போகாது, வண்டியையும் பறிமுதல் பண்ண சட்டத்துல இடம் இருக்கு. பண்டிகை நேரத்துல இசிஆர்ல சோதனையும் அதிகம். சில நூறு ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய், அண்ணனோட காரை ஸ்டேஷன் வாசல்ல நிறுத்திட்டு வரணுமா? பாண்டி ஒயினைப் பாண்டியிலயே உட்கார்ந்து குடிங்க, ராத்திரி அங்கயே தங்குங்க. இங்க வாங்கினா பில் கேட்டு வாங்கி வெச்சுக்கோங்க. டாஸ்மாக் மதியம் 12லயிருந்து ராத்திரி 10 வரைக்கும்தான். 24ஆம் தேதி சாயங்காலக் கூட்டத்துல போய் நிக்காம, ரெண்டு நாள் முன்னாடியே வாங்கிடுங்க.

வண்டி ஓட்டறதைப் பத்தியும் சொல்லணும். சட்டத்துல 100 மில்லி ரத்தத்துக்கு 30 மில்லிகிராம்தான் எல்லை. 60 கிலோ எடை இருக்கிறவங்க ஒரு கிளாஸ் குடிச்சாலே அதைத் தாண்ட வாய்ப்பு இருக்கு. முதல் தடவையே 10,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாசம் வரைக்கும் சிறையோ, ரெண்டுமோ கிடைக்கலாம். அதை விடுங்க, ராத்திரி இசிஆர் எப்படி இருக்கும்னு உங்களுக்கே தெரியும். வண்டியை நிறுத்தி, சாவியைக் குடிக்காதவர்கிட்ட குடுத்த பிறகு பாட்டிலைத் திறங்க.

அப்புறம் கடல். டிசம்பர்ல நம்ம பக்கத்துக் கடல் சாந்தமா இருக்காது, அடியில இழுக்கும். குடிச்சுட்டு கால் நனைக்கக்கூடப் போகாதீங்க. கடற்கரை பொது இடம், அங்க உட்கார்ந்து குடிக்கிறதும் குற்றம்தான். காலையில வெறுங்காலோட வலை இழுக்க வர்றவங்க மணல் அது. உடைஞ்ச பாட்டில் அவங்க கால்லதான் ஏறும்.

வீட்டு ஒயினும், ஒயின் இல்லாத கிளாஸும்

பரங்கிமலை, பல்லாவரம், பெரம்பூர் பக்கம் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள்ல, ஜாடியில திராட்சையும் சர்க்கரையும் ஈஸ்ட்டும் போட்டு ஊற வெச்ச கிறிஸ்துமஸ் ஒயின் ஒரு பெரிய நினைவு. பக்கத்து வீட்டு ஆன்ட்டி ஒரு சின்ன கிளாஸ்ல ஊத்தி, கேக்கோட குடுப்பாங்க. ஆனா சட்டம் லைசென்ஸ் இல்லாம மது தயாரிக்கிறதைத் தடை பண்ணுது, வீட்டு ஜாடிக்கு விலக்கு இல்லை. கேரளாவுலயும் 2019 கிறிஸ்துமஸுக்கு முன்னாடி கலால் துறை இதையே சொல்லி எச்சரிச்சது.

சட்டத்தை விடப் பெரிய காரணமும் இருக்கு. டிசம்பர் ஆனா ‘ஹோம்மேட் ஒயின்’னு இன்ஸ்டாகிராம்ல விக்க வருவாங்க. யார் பண்ணினது, என்ன கலந்தது, எதுவும் தெரியாது. 2023 மே மாசம் நம்ம மாவட்டத்துல சித்தாமூர் பக்கமும், மரக்காணத்துக்குப் பக்கத்துல எக்கியார்குப்பத்துலயும் விஷச்சாராயம் குடிச்சு இருபதுக்கும் மேற்பட்டவங்க செத்துப் போனாங்க. மெத்தனால் கலந்த சாராயம் அது. பழத்தை நொதிக்க வைக்கிறதும் மெத்தனாலைக் கலந்து விக்கிறதும் ஒண்ணு இல்லைதான். ஆனா லேபிள் இல்லாத பாட்டிலைப் பார்த்து அந்த வித்தியாசத்தை யாராலயும் சொல்ல முடியாது. தெரியாதவங்ககிட்ட வாங்காதீங்க.

சொன்ன மாதிரி, குடிக்காதவங்களுக்கு. தேனி மாவட்டம் கம்பம் பள்ளத்தாக்குப் பன்னீர் திராட்சைக்கு 2023ல புவிசார் குறியீடு கிடைச்சுது. அதுல ஒரு கிலோ வாங்கி, கொஞ்சம் தண்ணியோட வேக வெச்சு, மசிச்சு வடிகட்டுங்க. பட்டை, கிராம்பு, ஒரு துண்டு இஞ்சி, தேவையான சர்க்கரை போட்டு ஒரு கொதி விட்டு ஆற வைங்க. ஃப்ரிட்ஜ்ல குளிர வெச்சு, அதே கண்ணாடி கிளாஸ்ல குடுங்க. “ஏன் குடிக்கலை?”ன்னு யாரையும் யாரும் கேட்க வேண்டியிருக்காது. சாவி வெச்சிருக்கிறவருக்கு முதல் கிளாஸ்.

அவ்வளவுதான் மக்களே. கேள்வி அனுப்பின எட்டு பேருக்கு என் பதில்: ஏசி கடையில ஒரு ஷெனின் பிளாங்க், ஒரு ரோஸே, கேக்குக்கு ஒரு இனிப்பு ஒயின், ரெண்டு கிலோ பன்னீர் திராட்சை. பாண்டிக்கு இன்னொரு லீவுல போய்க்கலாம். எல்லாருக்கும் கிறிஸ்துமஸ் வாழ்த்துகள். அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.