தண்ணீர்ப் பந்தலும் தண்ணீர் வியாபாரியும்

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



வெயிலில் நடந்து வருவோரின் தாகந் தணிக்கத் தருமவான்கள் வீதியோரத்திலே தண்ணீர்ப் பந்தல் அமைப்பதை நாம் அறிவோம். அப்பந்தலில் ஒருவன் குடம் நிறைய மொண்டு சென்று, 'இது நான் தோண்டிய கிணற்று நீர்' என அடுத்த தெருவில் விலை கூறினால் அவனை என் செய்வது? கணினி உலகில் இவ்வினா மெய்யாகவே எழுந்துள்ளது. அதனையே இன்று உங்கள் முன் ஆராய விரும்புகின்றேன்.

யாவரும் பயன்படுத்தவும், மூலநிரலைப் படிக்கவும், திருத்தவும், பிறர்க்கு வழங்கவும் உரிமையுடைய மென்பொருளைக் கட்டற்ற மென்பொருள் என்பர். அமெரிக்கரான றிச்சாட் ஸ்டோல்மன் 1989இல் வெளியிட்ட குனூ பொது உரிமம் இவ்வுரிமைகளுக்குச் சட்ட வடிவம் தந்தது. அவ்வுரிமம் விற்பனையைத் தடுக்கவில்லை என்பதைப் பலர் அறியார். விரும்பிய விலைக்கு விற்கலாம். ஆனால் வாங்கியவனுக்கு உரிமப் பத்திரத்தையும் மூலநிரல் பெறும் வழியையும் கொடுத்தல் வேண்டும். ஆக்கியோரின் உரிமைக் குறிப்பை அழித்தல் கூடாது. நீரைச் சுமந்து சென்று கூலி பெறுபவனிடம் குற்றமில்லை. பந்தலை மறைப்பவனே குற்றவாளி.

ஓர் உதாரணம் கூறுவேன். பிளெண்டர் என்பது முப்பரிமாணச் சித்திரங்களையும் அசையும் படங்களையும் ஆக்க உதவும் மென்பொருள். அதனை வைத்திருந்த கம்பனி 2002இல் மூடப்பட்டபோது, அதனைப் படைத்த ஒல்லாந்தர் தொன் றூசெண்டால் உலகெங்குமுள்ள அன்பர்களிடம் பணந் திரட்டினார். ஏழே வாரங்களில் 100,000 யூரோ சேர்ந்தது. அப்பணத்தால் மீட்கப்பட்ட மூலநிரல் அவ்வாண்டு ஒக்டோபர் 13ஆம் நாள் பொதுவுடைமையாயிற்று. இவ்வாறு ஊர் கூடி மீட்ட பொருளுக்குச் சிலர் பின்னாளில் வேறு பெயர் சூட்டி, தம் சொந்தச் சரக்கென விளம்பரஞ் செய்து விற்றனர். பிளெண்டர் நிறுவனத்தார் என் செய்தனர்? விற்பனைக்கு உரிமம் இடந்தருவதை ஒப்புக்கொண்டு, ஏமாற்றை மாத்திரம் பகிரங்கமாக எடுத்துரைத்து மக்களை எச்சரித்தனர். உண்மையைப் பறைசாற்றுதலே அவர்தம் முதற் படைக்கலம்.

இரண்டாவது படைக்கலம் பெயர். பயர்பொக்ஸ் உலாவியின் நிரல் பொதுவானது. பெயரோ மொசில்லாவின் வணிகக் குறி. ஓர் உளவு மென்பொருள் பயர்பொக்ஸின் வேடம் பூண்டு உலாவியபோது, 2013இல் மொசில்லா அவ்வேடத்தைக் கலைக்கும்படி அதன் கம்பனிக்குச் சட்டக் கடிதம் அனுப்பியது. எனினும் இப்படைக்கலம் நண்பரையும் வெட்டும். நேர்மையான டெபியன் குழுவினர், தாம் திருத்திய பயர்பொக்ஸுக்கு 2006 முதல் 2016 வரை 'ஐஸ்வீசல்' என்ற வேறு பெயரையே இட நேர்ந்தது.

ஏன் விற்பனையையே தடைசெய்து விடலாகாது எனச் சிலர் கேட்கலாம். 2022இல் மைக்றோசொவ்ற் கம்பனி இதனையே முயன்றது. இலவசமாய்க் கிடைக்கும் திறந்த மூல மென்பொருளால் தன் இணையக் கடையில் எவரும் இலாபம் பெறலாகாதென விதி வகுத்தது. நோக்கம், வாங்குவோரை ஏமாற்றிலிருந்து காத்தல். ஆனால் கிறித்தா என்னும் ஓவிய மென்பொருளை ஆக்குவோர், அதே கடையில் தம் படைப்பைத் தாமே விற்றுத் தம் பணிக்குப் பொருள் தேடுபவர்கள். திருடனுக்கு மூடிய கதவு வீட்டுக்காரனையும் வெளியே நிறுத்திற்று! கண்டனம் எழவே, கம்பனியார் அவ்விதியை அமுலாக்காமல் ஒத்திவைத்து, பின்பு அவ்வாசகத்தையே நீக்கினர். மூட்டைப் பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தலாமா?

நண்பர்களே, இதில் நமக்கும் பங்குண்டு. நம்மூர்க் கடைக்காரர் ஒருவர் லிப்ரே ஒபிஸ் மென்பொருளைக் கணினியில் நிறுவித் தந்து கூலி கேட்டால் மகிழ்ந்து கொடுப்போம்; அது உழைப்பின் ஊதியம். 'இது மென்பொருளின் விலை' என்பாராயின், 'இதனை ஆக்கியோர் யார்?' என்று கேட்போம். நாம் ஒரு நண்பனுக்குப் பிரதி கொடுக்கும்போதும், அது எங்கிருந்து வந்தது, யாவரும் இலவசமாய்ப் பெறலாம் என்பதைச் சேர்த்தே சொல்வோம். வாங்குவோன் அறிந்திருந்தால் வஞ்சகனுக்குச் சந்தை இல்லை. பந்தலைக் காப்பதற்கு வேலி வேண்டியதில்லை. பந்தல் எங்கே இருக்கிறதென்று வழிப்போக்கர் அனைவரும் அறிந்தாற் போதும்.