அழுகிய கத்தரிக்காய் சொன்ன பாடம்

(பழைய மாணவர் சங்க விழாவில் ஆற்றிய உரை)



இதே கல்லூரியில் நுண்ணுயிரியல் படித்தபோது ஒரு நாள், என் பெட்ரி தட்டில் பாக்டீரியா பரவியிருந்த இடத்தில் பொட்டுப் பொட்டாக ஓட்டை. "போச்சுடா, கெட்டுப்போச்சு!" என்று கழுவி ஊற்றிவிட்டேன். அது பாக்டீரியாவைக் கொல்லும் வைரஸான ஃபேஜின் தடமாக இருந்திருக்கலாம் என்று பிறகுதான் புரிந்தது. அந்த வருத்தம்தான் இன்றைய பேச்சு.

ஒரு ஃபேஜைப் பார்த்தால் எல்லாவற்றையும் பார்த்த மாதிரிதானே என்று நினைக்காதீர்கள். மண்ணில் வாழும் மைக்கோபாக்டீரியம் ஸ்மெக்மாடிஸ் என்ற ஒரே பாக்டீரியாவைத் தாக்கும் ஃபேஜ்களை, அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகப் பேராசிரியர் கிரகாம் ஹாட்ஃபுல்லும் பல கல்லூரி மாணவர்களும் தேடித் தேடிச் சேர்த்தார்கள். 2,000-க்கும் மேற்பட்டவற்றின் மரபுத் தொடரைப் படித்தாயிற்று. சிலவற்றில் சுமார் 40,000 எழுத்து, சிலவற்றில் 1,60,000! முப்பது குழுக்களுக்கு மேல் பிரித்திருக்கிறார்கள். ஒரு குழுவின் டிஎன்ஏவுக்கும் இன்னொன்றுக்கும் பெரும்பாலும் ஒற்றுமையே இல்லை. வீடு ஒன்று, நுழைய வருகிற ஒவ்வொருவர் கையிலும் வேறு வேறு சாவி!

சரி, இதனால் யாருக்கு என்ன லாபம்? 2010-இல் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஒரு மாணவி அழுகிய கத்தரிக்காயிலிருந்து ஒரு ஃபேஜை எடுத்தார். பெயர் 'மடி'. நம்ம ஊர் மடி இல்லை. ஆங்கிலத்தில் சேறு படிந்தது என்று அர்த்தம். 2018-இல் லண்டன் மருத்துவமனை ஒன்றில் நுரையீரல் மாற்று சிகிச்சை பெற்ற 15 வயதுப் பெண்ணுக்கு மைக்கோபாக்டீரியம் அப்செசஸ் தொற்று. எந்த மருந்துக்கும் அடங்கவில்லை. சேமிப்பில் தேடியபோது அந்தக் கிருமியை நன்றாகக் கொன்றது மடி! மரபணு திருத்திய இன்னும் இரண்டு ஃபேஜ்களைத் துணைக்குச் சேர்த்துக் கொடுத்தார்கள். மார்பில் இருந்த புண் ஆறியது. கல்லீரல் தொற்று நீங்கியது.

எல்லாருக்கும் இப்படி நடந்துவிடவில்லை. 2022-இல் வெளியான ஆய்வின்படி, 200 நோயாளிகளுக்காகக் கேட்டதில் 55 பேரின் கிருமிக்குத்தான் பொருத்தமான ஃபேஜ் கிடைத்தது. 20 பேருக்குக் கொடுத்தார்கள்; 11 பேருக்குப் பலன் தெரிந்தது. கிடைக்காதவர்களுக்கு உரிய ஃபேஜ் எந்த ஊர்க் குப்பையில் கிடக்கிறதோ!

மாணவச் செல்வங்களே, உங்கள் தட்டில் ஓட்டை விழுந்தால் கழுவிவிடாதீர்கள். ஆசிரியரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.