ஒரே சொல்தான், ஊருக்கு ஊர் வேறு காயம்



நம் வீடுகளில் மகனைச் செல்லமாக எப்படிக் கூப்பிடுகிறோம்? 'பாய்' என்று. முஸ்லிம் அன்பர்களைச் சொல்கிற பாய் அல்ல, ஆங்கிலத்துப் பாய். அவனுக்குக் கல்யாணமாகிப் பிள்ளை பிறந்த பிறகும் அம்மாவுக்கு அவன் பாய்தான்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தாய் கண்ணீரோடு என்னைப் பார்க்க வந்தார். அவருடைய மகனுக்குக் கடலில் எண்ணெய் மேடையில் வேலை. உடன் வேலை செய்த கறுப்பின அமெரிக்கர் ஒருவரை, நட்பாகத்தான், 'கமான் பாய்' என்று கூப்பிட்டிருக்கிறான். அவர் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்துவிட்டார். வேலை போகிற நிலை. "வீட்டில் நான் கூப்பிடுகிறதைத்தானே ஐயா அவன் சொன்னான்?" என்று கேட்டார் அந்தத் தாய்.

அவர் சொன்னது உண்மை. ஆனால் புகார் கொடுத்தவர் பக்கமும் நியாயம் இருந்தது. அமெரிக்காவில் 1865-இல் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது. அதற்குப் பிறகும் பல தலைமுறைகளாகத் தென்மாநிலங்களில் தலை நரைத்த கறுப்பினப் பெரியவரைக்கூட வெள்ளைக்காரர்கள் 'பாய்' என்றுதான் அழைத்தார்கள். 'நீ என்றைக்கும் ஆண்மகன் ஆக மாட்டாய்' என்பதுதான் அதன் பொருள்.

இது அந்நாட்டு உச்ச நீதிமன்றம் வரை போன விஷயம். அலபாமா மாநிலத்தில் ஒரு கோழி இறைச்சித் தொழிற்சாலை. இரண்டு கறுப்பினத் தொழிலாளர்கள் பதவி உயர்வு கேட்டார்கள். இரண்டு இடமும் வெள்ளைக்காரர்களுக்குப் போயின. அந்த முடிவை எடுத்த மேலாளர் இவர்களை 'பாய்' என்று அழைத்தவர். மேல்முறையீட்டு நீதிமன்றம் என்ன சொன்னது தெரியுமா? 'கறுப்பு' என்ற சொல் முன்னால் இல்லாமல் வெறும் 'பாய்' மட்டும் இனவெறிக்குச் சாட்சி ஆகாது என்றது! 2006-இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. சொன்ன சூழல், குரலின் தொனி, அந்த ஊர் வழக்கம், சொல்லின் வரலாறு எல்லாவற்றையும் பார்க்க வேண்டும் என்றது. அதன் பிறகும் வழக்கு இழுத்தது. 2011-இல்தான் இருவரில் ஒருவருக்கு இழப்பீடு உறுதியானது.

நமக்கும் இது புதிதல்ல. துரை பங்களாவில் சமைத்த ஐம்பது வயது மனிதருக்கும் 'பாய்' என்றுதான் பெயர். அதே சொல்லை நாம் எப்படியோ செல்லப் பெயராக்கிக்கொண்டோம்.

'கூலி'யை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழில் உழைப்புக்குக் கிடைக்கும் சம்பளம். 2025-இல் ரஜினி படத்துக்கே அதுதான் பெயர், நாமும் விசில் அடித்தோம். அதையே தென்னாப்பிரிக்காவில் ஒரு இந்தியரைப் பார்த்து ஆங்கிலத்தில் சொல்லிப் பாருங்கள்! 1860-இல் மதராசிலிருந்து டுரூரோ கப்பலில் நேட்டாலுக்குப் போய் இறங்கிய நம் மக்கள் மேல் ஒட்டிய சொல் அது. காந்தி வழக்கறிஞராகப் போனபோது அவரையும் 'கூலி பாரிஸ்டர்' என்றார்கள். படித்திருந்தும் தோலைப் பார்த்துத்தான் பெயர் வைத்தார்கள். இன்றைக்கும் அங்கே அது கொடிய வசை.

நாம் மட்டும் யோக்கியமா? தொலைக்காட்சியில் கறுப்பினத்தவரைப் பார்த்தால் 'நீக்ரோ' என்கிறோம், பிள்ளைகள் முன்னாலேயே. மார்ட்டின் லூதர் கிங் 1963-இல் தம் மக்களுக்கே அந்தச் சொல்லைப் பயன்படுத்தினார் என்பது சரிதான். ஆனால் இப்போது அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் அது அவமதிப்பு. அகராதியில் இருக்கிறதே என்று வாதாடிப் பயனில்லை.

'அது சாதாரணச் சொல்தானே' என்று சொன்னவன் முடிவு செய்ய முடியாது. சிங்கப்பூரில் ஆங்கிலேயர்கள் ஒரு வீதிக்கு 'கிளிங் ஸ்திரீட்' என்று பெயர் வைத்திருந்தார்கள். அவர்களுக்கு அது வெறும் பெயர்ப்பலகை. அங்கிருந்த இந்தியர்களுக்கு அது இழிவு. அவர்கள் ஆட்சேபித்தார்கள். 1920-களின் தொடக்கத்தில் அது சுலியா ஸ்திரீட் ஆனது.

அந்தப் பையன் கதை என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். நேரில் போய் மன்னிப்புக் கேட்கச் சொன்னேன். அம்மா தன்னை அப்படித்தான் கூப்பிடுவார் என்பதையும் சொல்லச் சொன்னேன். அந்த மனிதர் சிரித்துவிட்டு, புகாரைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்.

வெளிநாட்டுக்குப் பிள்ளையை அனுப்புகிறவர்கள் இதையும் சொல்லி அனுப்புங்கள். வேலையிடத்தில் உங்கள் மேல் இப்படி ஒரு சொல் விழுந்தால், அன்று இரவே ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள்: சொன்ன சொல் அப்படியே, தேதி, நேரம், பக்கத்தில் நின்றவர் யார், மற்ற இனத்தவரை அதே ஆள் எப்படிக் கூப்பிடுகிறார். என்னிடம் வரும்போது அந்த நோட்டையும் கொண்டு வாருங்கள்.