எட்டாம் வகுப்புக்கு அப்பால்: வீடற்ற பிள்ளைகளும் பள்ளியிறுதித் தேர்வும்



இந்தச் சொற்பொழிவு எந்த ஆசிரியரின் நினைவாக நடக்கிறதோ அவர், இரண்டு நாள் பள்ளிக்கு வராத பிள்ளையைத் தேடி வீட்டுக்கே போய்விடுவார் என்று அவரிடம் படித்தவர்கள் சொல்கிறார்கள். வீடே இல்லாத பிள்ளையை எங்கே போய்த் தேடுவது? அந்தப் பிள்ளைகள் பன்னிரண்டாம் வகுப்பை முடிக்க நாம் என்ன செய்ய முடியும் என்பதே என் பேச்சு.

வீடற்றவர் என்றதும் நடைபாதையில் படுத்திருப்பவர்தான் நினைவுக்கு வருகிறார். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லியை உள்ளடக்கிய நம் பகுதியில் வேறு பலரும் இருக்கிறார்கள். கட்டுமான வேலை நடக்கும் இடத்திலேயே தகரக் கொட்டகை போட்டு, கட்டடம் எழும்பியதும் அடுத்த இடத்துக்குப் போகிற குடும்பம். திருவள்ளூர் மாவட்டத்துச் செங்கல் சூளைகளுக்கு ஒடிசாவிலிருந்து பருவத்துக்கு வந்து, மழைக்கு முன் ஊர் திரும்பும் குடும்பம். வாடகை கொடுக்க முடியாமல் அத்தை வீட்டு முற்றத்தில் ஒண்டியிருக்கும் தாயும் பிள்ளைகளும். குடித்துவிட்டு அடிக்கும் தகப்பனுக்குப் பயந்து நண்பன் வீட்டு மொட்டைமாடியில் படுக்கும் பதினாறு வயதுப் பையன். இவர்களில் பெரும்பாலோர் எந்தக் கணக்கிலும் வருவதில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நாடு முழுவதும் வீடற்றவர்கள் ஏறத்தாழ 17.7 லட்சம். உறவினர் வீட்டில் ஒண்டியிருப்பவர்கள் அதில் சேரவில்லை.

கூவம் கரையிலிருந்து அகற்றப்பட்ட குடும்பங்களையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அவர்களில் பலருக்குத் திருமழிசையை அடுத்த கூடப்பாக்கத்திலும் நம் அம்பத்தூர் அத்திப்பட்டிலும் அரசு வாரியக் குடியிருப்பில் வீடு கிடைத்தது. வீடு கிடைத்தது நல்லதுதான். ஆனால் படிப்பு ஆண்டின் நடுவே ஒரு பிள்ளையைப் பழைய பள்ளியிலிருந்து பிடுங்கி நட்டால், பத்தாம் வகுப்பில் இருப்பவன் என்ன ஆவான்? விடியுமுன் எழுந்து, இரண்டு பேருந்து மாறி, பழைய பள்ளிக்கே போய் வருவான். கொஞ்ச நாளில் வாரம் மூன்று நாள் போவான். அப்புறம் ஒரு நாள் தொழிற்பேட்டையில் ஏதாவது பட்டறையில் சேர்ந்துவிடுவான்.

இனிச் சட்டத்துக்கு வருகிறேன். 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் கல்வி உரிமைச் சட்டம் அருமையான சட்டம். வயதுச் சான்று இல்லையென்று பிள்ளையைச் சேர்க்க மறுக்கக் கூடாது. மாற்றுச் சான்றிதழ் தாமதமானாலும் சேர்க்கையை நிறுத்தி வைக்கக் கூடாது. வீடற்ற பிள்ளைக்கு இதைவிட வேறென்ன பாதுகாப்பு வேண்டும்? ஆனால் அதன் கை எட்டாம் வகுப்புவரைதான் நீள்கிறது. பதினான்கு வயதுக்கு மேல், படிப்பு கடினமாகி, சம்பளம் தரும் வேலை கண்ணில் படத் தொடங்கும் அந்த வயதில், சட்டம் கையை விட்டுவிடுகிறது.

சோறும் அப்படித்தான். 1982-ல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். 1984-ல் அது பத்தாம் வகுப்புவரை நீண்டது. 2022-ல் வந்த காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்புவரை. இரண்டுமே உலகம் பார்த்து வியக்கும் திட்டங்கள். சத்துணவால் பசியாறிய தலைமுறையில் நானும் ஒருவன். என்றாலும் பிளஸ் ஒன் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பதினாறு வயதுப் பிள்ளைக்குக் காலையிலும் பள்ளியில் சோறில்லை, மதியத்திலும் இல்லை. வீட்டில் சாப்பிட்டு வருவான், டிபன் பாக்ஸ் கொண்டு வருவான் என்ற நம்பிக்கையில் விட்டுவிட்டோம். அடுப்பே இல்லாதவன் டிபன் பாக்ஸுக்கு எங்கே போவான்? அதே பிளஸ் ஒன் ஆண்டில் அரசு அவனுக்கு விலையில்லா மிதிவண்டி தருகிறது. இரவில் அதை எங்கே பூட்டி வைப்பது என்பதே அவனுக்கு ஒரு கவலை.

இத்தனையையும் தாண்டிப் பள்ளியை முடித்து உயர்கல்வியில் சேர்ந்துவிட்டால் அந்தப் பக்கம் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் ஆயிரம் ரூபாய் காத்திருக்கிறது. அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவத்தில் 7.5 விழுக்காடு ஒதுக்கீடு இருக்கிறது. ஒன்பதிலிருந்து பன்னிரண்டுவரையிலான அந்த நான்கு ஆண்டுதான் பள்ளம்.

விடுதியில் சேர்த்துவிடலாமே என்பீர்கள். 2025-ல் சமூகநீதி விடுதிகள் என்று பெயர் பெற்ற அரசு விடுதிகள் ஏராளமான ஏழைப் பிள்ளைகளைக் கரையேற்றியிருக்கின்றன. ஆனால் பிற்படுத்தப்பட்டோர் நல விடுதியில் ஒரு மாணவன் சேர, அவன் இருப்பிடத்துக்கும் பள்ளிக்கும் குறைந்தது 8 கிலோமீட்டர் தூரம் இருக்க வேண்டும் என்பது விதி. மாணவியருக்கு அந்த விதி இல்லை. பாடி மேம்பாலத்தடியில் படுக்கும் பையனுக்கு எந்த இடத்திலிருந்து தூரத்தை அளப்பது? விடுதிச் சேர்க்கை நடப்பது கல்வியாண்டின் தொடக்கத்தில். குடும்பம் தெருவுக்கு வருவது கார்த்திகை மழையில்கூட நடக்கும்.

சான்றிதழ்களின் கதை இன்னும் வேதனையானது. பருத்திப்பட்டு நரிக்குறவர் குடியிருப்பு நம் ஆவடியில்தான் இருக்கிறது. அங்குள்ள மாணவிகள் முதலமைச்சரிடமே பேசி, 2022 ஏப்ரலில் அவரைத் தங்கள் குடியிருப்புக்கு வரவழைத்தார்கள். அந்தத் துணிச்சலை நான் பெரிதாக மதிக்கிறேன். அதே ஆண்டு டிசம்பரில் நரிக்குறவரைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் மசோதா நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. அவர்களின் பல்லாண்டுக் கோரிக்கை அது. ஆயினும் பட்டியலில் பெயர் ஏறுவதும் ஒரு பிள்ளையின் கையில் சாதிச் சான்றிதழ் வந்து சேருவதும் ஒன்றல்ல. அது கைக்கு வந்த பிறகும் மழையில் நனையாமல், தொலையாமல் வைக்க ஓர் இடம் வேண்டும். 2015 வெள்ளத்துக்குப் பின் சான்றிதழ் இழந்தவர்களுக்கு அரசே முகாம் போட்டு நகல் கொடுத்தது. அதைப் போல் ஆண்டுக்கு ஒரு முறை தெருவோரப் பிள்ளைகளுக்காக ஏன் செய்யக் கூடாது?

அமெரிக்காவில் 1987-லேயே மெக்கின்னி-வென்டோ என்ற சட்டம் வந்தது. உறவினர் வீட்டில் ஒண்டியிருக்கும் பிள்ளையையும் அது வீடற்ற மாணவர் என்றே கணக்கிடுகிறது. தாள்கள் இல்லாவிட்டாலும் உடனே சேர்க்க வேண்டும். குடும்பம் எங்கே பெயர்ந்தாலும் பிள்ளை பழைய பள்ளியிலேயே தொடரலாம், போக்குவரத்துக்கு நிர்வாகம் பொறுப்பு. ஒவ்வொரு பள்ளி மாவட்டத்திலும் இந்தப் பிள்ளைகளுக்கென்றே ஒரு தொடர்பாளர் இருந்தாக வேண்டும். 2015-ல் வந்த சட்டத்தின்படி, வீடற்ற மாணவர்களில் எத்தனை பேர் பள்ளியை முடித்தார்கள் என்று மாநிலங்கள் தனியே கணக்குக் காட்ட வேண்டும். அங்கும் இந்தப் பிள்ளைகள் மற்றவர்களைவிடக் குறைவாகவே பள்ளியை முடிக்கிறார்கள். ஆனால் எவ்வளவு குறைவு என்பது அவர்களுக்குத் தெரியும்.

நமக்கு முதலில் வேண்டியது அந்தத் தொடர்பாளர்தான். அம்பத்தூர் 2011 முதல் சென்னை மாநகராட்சி, ஆவடி 2019 முதல் தனி மாநகராட்சி, பூந்தமல்லி நகராட்சி. ஒரு குடும்பம் மூட்டை முடிச்சோடு சில கிலோமீட்டர் நகர்ந்தால் மூன்று நிர்வாகங்களைத் தாண்டிவிடுகிறது. 2024-ல் முடிந்த நகர்ப்புற வாழ்வாதாரத் திட்டத்தில் ஒரு லட்சம் மக்களுக்கு ஓர் இரவுக் காப்பகம் என்பது அளவாக இருந்தது. 2011 கணக்கில் பூந்தமல்லியின் மக்கள்தொகை 57,224 மட்டுமே; அந்த அளவை அது எட்டவில்லை. சிறார் நீதிச் சட்டம் வீடற்ற பிள்ளையைப் பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை என்கிறது. பிளஸ் டூ படிக்கையிலேயே பதினெட்டு முடிந்தால் அந்தச் சொல்லும் அவனுக்குப் பொருந்தாது. ஆகவே இந்த மூன்று ஊருக்கும் சேர்த்து, பிள்ளையின் பெயரையும் பள்ளியையும் இரவு தங்கும் இடத்தையும் அறிந்த, கேட்டால் பதில் சொல்லக் கடமைப்பட்ட ஒருவர் வேண்டும். அரசு அவரை நியமிக்கும்வரை ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரை நாமே அமர்த்தலாம்.

இந்தச் சொற்பொழிவை நடத்தும் அறக்கட்டளை ஆண்டுதோறும் முதல் மதிப்பெண் எடுப்பவர்களுக்குப் பரிசு தருகிறது. அது தொடரட்டும். அதோடு இந்த ஆண்டு ஒரே ஒரு பள்ளியில், அரையாண்டுத் தேர்விலிருந்து பொதுத்தேர்வு முடியும்வரை, மாலையில் ஒரு கூடத்தைத் திறந்து வையுங்கள். விளக்கு, மின்விசிறி, இரவுச் சாப்பாடு, சான்றிதழ் வைக்கப் பூட்டுள்ள ஓர் இரும்பு அலமாரி, மிதிவண்டி நிறுத்தக் கொஞ்சம் இடம் போதும். பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடும் சேர்த்தால் இன்னும் நல்லது. செலவுக்கு என் பங்கை இன்றே பொருளாளரிடம் கொடுத்துவிட்டேன்.

தலைமையாசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். கூட்டம் முடிந்ததும் பத்து நிமிடம் இருங்கள். உங்கள் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்கு மேல் படிக்கும், இரவில் எங்கே படுக்கிறார்கள் என்று உங்களுக்கே தெரியாத பிள்ளைகள் யார் யார் என்று அந்த மேசையில் எழுதுவோம். பெயர்கள் வெளியே போகாது.