சாக்கடை போடாத நகரம் மைதானம் போடுகிறது

(மாணவர் பயிலரங்கு ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



கால்பந்துக்கு எதிரா பேச நான் வரல. வியாசர்பாடியில வெறுங்காலோட பந்து உதைச்சு வளர்ந்தவன் நான். ஆனா ஒரு மைதானம் வருதுன்னா, யார் இருந்த இடத்துல வருது, யார் கணக்குல வருதுன்னு கேட்காம என்னால கைதட்ட முடியாது. இதைச் சொல்வதற்கு நியூயார்க் நகரத்தின் வில்லட்ஸ் பாயின்ட் கதையை எடுத்துக்கொள்கிறேன்.

குயின்ஸ் பகுதியில், மெட்ஸ் அணியின் பேஸ்பால் மைதானத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது அந்த இடம். மோட்டார் பட்டறைகளும் பழைய இரும்புக் கடைகளும் நெருக்கியடித்துக் கிடந்த தெருக்கள். டிங்கரிங், டயர், கண்ணாடி மாற்றும் வேலை. உழைத்தவர்களில் பெரும்பாலோர் லத்தீன் அமெரிக்க நாடுகளிலிருந்து பிழைக்க வந்தவர்கள். அங்கே நிலம் வைத்திருந்தவர்கள் நகரத்துக்குச் சொத்துவரி கட்டினார்கள். நகரமோ தலைமுறை தலைமுறையாக அங்கே பாதாளச் சாக்கடை போடவில்லை, நடைபாதை போடவில்லை. மழை பெய்தால் தெருவே குளம்.

அந்த நிலத்தின் மேல் கண் விழுந்தது நேற்று இன்றல்ல. 1964 உலகக் கண்காட்சியை ஒட்டி, ராபர்ட் மோசஸ் என்ற பெரும் அதிகாரி அதைப் பூங்காவோடு சேர்க்கப் பார்த்தார். இரும்புக் கடைக்காரர்கள் எதிர்த்து நின்று தடுத்தார்கள். அவர்களுடைய வக்கீல் மரியோ க்யூமோ பின்னாளில் அந்த மாநிலத்தின் ஆளுநரானார்.

2008-ல் மேயர் ப்ளூம்பெர்க் காலத்தில் நகர மன்றம் மறுசீரமைப்புத் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. சொன்ன காரணம் என்ன? இடம் சீரழிந்து கிடக்குதாம்! சீரழிய விட்டது யாருங்க? வசதி செய்து தராதவனே அந்த வசதிக் குறைவைக் காட்டி இருப்பவனை வெளியேற்றுகிறான். இந்தத் தந்திரத்தை நாம் நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும்.

நகரம் நிலங்களை வாங்கியது. விற்காவிட்டால் கையகப்படுத்துவோம் என்ற மிரட்டலும் கூடவே இருந்தது. நிலம் வைத்திருந்தவனுக்கு விலை கிடைத்தது. வாடகைக்குப் பட்டறை வைத்திருந்தவனுக்கு இடம் மாற ஏதோ உதவி. கூலிக்கு ஸ்பேனர் பிடித்தவனுக்குத் தொழிற்பயிற்சி வகுப்பைக் காட்டினார்கள். இருபது வருஷம் வண்டி பிரிச்சு மாட்டினவனுக்கு என்ன பயிற்சி? அவனுக்கு வேண்டியது ஒரு தெருவும் நாலு வாடிக்கையாளரும்தானே. பட்டறைக்காரர்கள் பலர் கூட்டுறவாகச் சேர்ந்து பிராங்க்ஸ் பகுதியில் ஒரு கட்டிடத்துக்குப் போனார்கள். அதுவும் உருப்படியாக நடக்கவில்லை.

2022 நவம்பரில் கால்பந்து மைதான அறிவிப்பு வந்தது. 2024 ஏப்ரலில் நகர மன்றம் ஒப்புதல் தந்தது. 25,000 இருக்கைகள். கட்டுமானச் செலவு சுமார் 78 கோடி டாலர், அதை நியூயார்க் சிட்டி கிளப்பே போடுகிறது. அந்தக் கிளப்பின் பெரும்பங்கு, மான்செஸ்டர் சிட்டியை வைத்திருக்கும் குழுமத்திடம் இருக்கிறது. அந்தக் குழுமத்துக்குப் பின்னால் அபுதாபி அரச குடும்பத்துப் பணம். நிலம் மட்டும் நகரத்துடையது, 49 ஆண்டு குத்தகை.

'தனியார் காசுலதான கட்டறாங்க, மக்களுக்கு என்ன நஷ்டம்?'னு கேப்பாங்க. நிலம் நகரத்தின் பெயரில் இருப்பதால் மைதானத்துக்குச் சொத்துவரி கிடையாது. 49 ஆண்டில் இப்படி விட்டுக்கொடுக்கும் வரி 51.6 கோடி டாலர் என்று நகரத்தின் சுயேச்சை நிதிநிலை அலுவலகமே மதிப்பிட்டது. பட்டறைக்காரன் இருந்தப்போ வரி இருந்துச்சு, சாக்கடை இல்ல. கிளப் வந்ததும் சாக்கடை வருது, வரி இல்ல.

மைதானத்தோடு 2,500 மலிவு வாடகை வீடுகளும் ஒரு பள்ளிக்கூடமும் வருகின்றன. வீடு வேண்டாம்னு சொல்ல நமக்கு வாய் வராது. வீடில்லாதவன் வலி நமக்குத் தெரியும். ஆனால் அந்த வீடுகளைக் கட்ட நகரத்துக்கு ஒரு கால்பந்து கிளப் எதற்கு? ஏழைக்கு வீடு என்ற வார்த்தையைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டுதான் குத்தகை மன்றத்துக்குள் நுழைந்தது. எதிர்த்துப் பேசுகிறவன் வீட்டுக்கே எதிரி ஆகிவிடுகிறான்.

ஆகவே நண்பர்களே, எந்த ஊரில் பொதுநிலம் குத்தகைக்குப் போனாலும் பத்திரத்தை வாங்கிப் படியுங்கள். மூன்று கேள்வி கேளுங்கள். இதற்கு முன் அங்கே யார் இருந்தார்கள், அவர்கள் இப்போது எங்கே? வாடகை எவ்வளவு, விட்டுக்கொடுத்த வரி எவ்வளவு? சொன்ன வீடும் பள்ளியும் வராமல் போனால் குத்தகை ரத்தாகுமா?

முதல் கேள்விக்கான பதில் எந்தப் பத்திரத்திலும் இருக்காது. அதை நாமதான் தெருத்தெருவா போய் எழுதி வைக்கணும். அந்த வேலையை மாணவர்களாகிய நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டு முடிக்கிறேன்.