மேசை உயரமா, நாங்கள் கட்டையா?

(சங்கத்தின் தைப்பொங்கல் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



ஏ.எல். உடன் படிப்பை விட்ட நான் என்னத்தைப் பேசுறது எண்டு செயலாளர் அண்ணையைக் கேட்டன். "வேலை செய்யிற இடத்தைப் பற்றிப் பேசு" எண்டார். அது எனக்குத் தெரியும்.

இந்த மண்டபத்தில் நாரி நோ, தோள்மூட்டு நோ உள்ளவர்கள் கையைத் தூக்குங்கோ எண்டால், கனபேருக்குக் கையே தூக்க ஏலாது. (சிரிப்பு) ஏன் எண்டு கேட்டால், "எனக்கு வயது போகுது", "நான் கட்டை" எண்டுதான் சொல்லுவினம். மேசையை ஒருத்தரும் குறை சொல்லுறதில்லை.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்காவின் பி-17 விமானங்கள் சில, பத்திரமாகத் தரையிறங்கிய பிறகு சில்லு மடங்கி, வயிறு நிலத்தில் உரசிச் சேதமாயின. விமானியின் பிழை எண்டு எழுதினார்கள். அல்போன்ஸ் சப்பானிஸ் என்ற உளவியலாளர் விமானி அறைக்குள் போய்ப் பார்த்தார். சில்லை மடக்கும் பிடியும், இறக்கைத் தகட்டை இயக்கும் பிடியும் ஒரே மாதிரி, பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. களைத்த மனிசன் மாறிப் பிடிக்காமல் என்ன செய்வான்? ஒன்றுக்குச் சில்லு வடிவத்திலும் மற்றதுக்கு ஆப்பு வடிவத்திலும் பிடி போட்டார்கள். இன்றைக்கும் விமானங்களில் சில்லுப் பிடி சில்லு வடிவம்தான்.

வேலையை மனிசனுக்கு ஏற்றபடி அமைக்கிற இந்தப் படிப்புக்கு ஏர்கொனமிக்ஸ் எண்டு பெயர். இங்கே பிரித்தானியாவில் 1949இல் இதற்கென ஓர் ஆய்வுச் சங்கமே தொடங்கினார்கள். எங்கட ஆட்களுக்கு இது புதினமில்லை. துலாவின் அடியில் பாரம் கட்டினது எதுக்கு? வாளியை இறக்கேக்க எங்கட உடம்புப் பாரத்தால இழுக்கலாம். தண்ணியோட ஏறேக்க துலா தூக்கித் தரும்.

நான் வேலை செய்யிற சாப்பாட்டுத் தொழிற்சாலையில் பெல்ட்டின் உயரம் 105 சென்ரிமீற்றர். அதில் நிற்கிற ஒரு அக்காவின் முழங்கை உயரம் 94. நின்று செய்யிற லேசான வேலைக்கு மேசை முழங்கைக்கு 5 முதல் 10 சென்ரிமீற்றர் கீழே இருக்க வேணும். அக்கா எட்டு மணித்தியாலமும் தோளைத் தூக்கியபடி நிற்கிறா. பிளாஸ்டிக் பெட்டியைக் கவிழ்த்து ஏறி நின்றா. சுப்பவைசர் எடுக்கச் சொன்னார். அது நியாயம், சறுக்கினால் கால் முறியும். ஆனால் பதிலுக்கு ஒண்டும் தரேல்லை.

ஆறு பேர் சேர்ந்தம். இரண்டு இடைவேளையில் அளவு நாடாவால் எல்லாருடைய முழங்கை உயரத்தையும் எடுத்து, எங்கே நோகுது எண்டும் எழுதி, யூனியனின் பாதுகாப்புப் பிரதிநிதியிடம் கொடுத்தம். அப்படி ஒருவரை யூனியன் நியமிக்கலாம் எண்டு 1977ஆம் ஆண்டு விதிகள் சொல்லுது. தனியப் போயிருந்தால் அடுத்த கிழமை ஷிப்ட் இல்லாமல் போயிருக்கும் எண்ட பயம் எங்களுக்கும் இருந்தது. ஏஜென்சியால் வந்தவைக்கு இன்னும் கூட. நாலு மாதம் இழுத்தடித்தார்கள். பிறகு 20 சென்ரிமீற்றரில் சறுக்காத மேடை வந்தது. உயரமான போலந்துத் தம்பி மேடை இல்லாமலே நிற்கிறான். அக்காவுக்கு நோ முழுக்கப் போகேல்லை. ஆனால் இப்ப தானே தலை இழுக்கிறா.

பாரம் தூக்கிறவைக்கும் ஒரு சொல். 1992ஆம் ஆண்டு விதிகளுக்கான அரச வழிகாட்டியில், உடம்போடு அணைத்து இடுப்பளவில் தூக்க ஆணுக்கு 25 கிலோ, பெண்ணுக்கு 16 கிலோ. கையை நீட்டித் தோளுக்கு மேலே எண்டால் 5 கிலோவும் 3 கிலோவும்தான். இது சட்டத்தின் எல்லை அல்ல. இதைத் தாண்டினால் முதலாளி ஆராய்ந்து பார்க்க வேண்டிய அளவு. மேல் தட்டில் 12 கிலோப் பெட்டி அடுக்கிறவை இதைக் குறித்து வையுங்கோ.

அளவு நாடா கொண்டு வந்திருக்கிறன். தேநீர் நேரத்தில் பின் மேசைக்கு வாங்கோ, முழங்கை உயரம் எடுத்து எழுதித் தாறன். வேலைச் சப்பாத்தோடு வந்தவை முதலில் வாங்கோ, அதுதான் சரியான அளவு.