மோட்டார் காயில் ஏன் எரிகிறது?

(வானொலி உழவர் நிகழ்ச்சியில் வேளாண்மை விரிவாக்க அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



கமலை கட்டி இறைத்த காலத்தில், மாடு களைத்தால் நின்றுவிடும். நாமும் அவிழ்த்து நிழலில் கட்டுவோம். மோட்டாருக்கு அந்தப் புத்தி கிடையாது. களைப்பு வந்தாலும் இழுத்துக்கொண்டே இருக்கும். கடைசியில் எரிந்துதான் காட்டும்.

தளவாய்புரத்தை அடுத்த ஒரு தென்னந்தோப்புக்காரர் போன கோடையில் என்னிடம் வந்தார். "சார், மூணு மாசத்துல ரெண்டு தடவை காயில் கட்டியாச்சு. மோட்டார்தான் மட்டமோ?" என்றார். "அண்ணாச்சி, போர்டுல ஆம்பியர் எவ்வளவு காட்டுது?" என்று கேட்டேன். "முள்ளு ஆடுதான்னு பாப்பேன் சார். எவ்வளவுன்னு யாரு பாத்தா?" என்றார். அந்த முள் சொல்வதைப் படிக்கத்தான் இன்றைய பேச்சு.

முதலில் மூன்று சொற்கள். மின்சாரத்தைத் தள்ளும் அழுத்தம் வோல்ட். கம்பியில் ஓடும் மின்னோட்டத்தின் அளவு ஆம்பியர். அந்த ஓட்டத்துக்குக் கம்பி கொடுக்கும் தடை ஓம். வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் தடை வரும். ஜெர்மனியைச் சேர்ந்த ஓம் என்ற பள்ளி ஆசிரியர் 1827-ல் தம் நூலில் வெளியிட்ட கணக்கு இது. வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் செலவாகும் சக்தி, அதாவது வாட் வரும்.

நம் ஊரில் நைட்டி தைக்கும் வீடுகளில் இஸ்திரிப் பெட்டி இருக்கும். அது 240 வோல்ட்டில் 4 ஆம்பியர் எடுத்தால் தடை 60 ஓம். சக்தி 960 வாட். வோல்டேஜ் குறைந்தால் ஆம்பியரும் குறையும், பெட்டி சூடேறாது. அவ்வளவுதான், கெட்டுப்போகாது.

மோட்டார் இதற்கு நேர்மாறு. தண்ணீரை மேலே ஏற்றும் வேலை குறைவதில்லை. ஆகவே அழுத்தம் குறையக் குறைய, மோட்டார் ஆம்பியரைக் கூட்டி இழுக்கும். அண்ணாச்சியின் 5 எச்.பி. மோட்டார் தகட்டில் 415 வோல்ட், 7.5 ஆம்பியர் என்றிருந்தது. பெருக்கினால் சுமார் 3,110. அன்று போர் வாயில் 330 வோல்ட், 9.5 ஆம்பியர். பெருக்கினால் சுமார் 3,135. பாருங்கள், ஏறக்குறைய அதே பெருக்கல்! (மும்முனைக்கு வாட் கணக்கிட இதை 1.732-ஆலும் பவர் ஃபேக்டராலும் பெருக்க வேண்டும்.) ஆனால் காயிலில் ஏறும் சூடு ஆம்பியரை ஆம்பியராலேயே பெருக்கிய கணக்கில் கூடும். 7.5-க்கு 56 என்றால், 9.5-க்கு 90. ஒன்றரை மடங்குக்கும் மேலான சூடு. காயில் எப்படித் தாங்கும்?

இன்னொன்றும் கண்டோம். பழைய கிணறு வற்றியதால் 200 மீட்டர் தள்ளி போர் போட்டு, பழைய ஷெட்டிலிருந்தே 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கேபிள் இழுத்திருந்தார். ஷெட்டில் 355 வோல்ட். வயர்மேன் போர் வாயில் அளந்தால் 330. நடுவே 25 வோல்ட்டைக் கேபிளே தின்றுவிட்டது. மும்முனை என்பதால் 25-ஐ 1.732-ஆல் வகுத்து, வந்ததை 9.5 ஆம்பியரால் வகுத்தால், ஒவ்வொரு கம்பியிலும் தடை 1.5 ஓம். மூன்று கம்பியிலுமாக 400 வாட் வெறும் சூடாகிப் போகிறது. 6 சதுர மில்லிமீட்டர் கேபிள் போட்டால் இந்த 25 வோல்ட் இழப்பு 10-ஆகக் குறையும்.

கடைசியில்தான் உண்மை வெளியே வந்தது. "ரிலே அடிக்கடி விழுந்துச்சு சார். அதான் 12-ல திருப்பி வச்சேன்" என்றார். காவல்காரனைத் தூங்கச் சொல்லிவிட்டுக் களவு போச்சே என்று அழுவது போல!

ஆகவே நீங்கள் செய்ய வேண்டியவை இவை. ரிலேயைத் தகட்டில் உள்ள ஆம்பியரிலேயே வையுங்கள். அது விழுந்தால் உங்களைக் காப்பாற்றுகிறது என்று பொருள். ஒரு முனை போய்விட்டால் மோட்டாரை உடனே நிறுத்துங்கள். மீதி இரண்டு முனையில் ஆம்பியர் எகிறும். அதற்கான தடுப்புக் கருவியும் ஸ்டார்ட்டரில் இருக்கட்டும். தூரம் கூடினால் கேபிளின் கனமும் கூடட்டும். போர்டைத் திறந்து அளக்கும் வேலையை வயர்மேனிடம் விட்டுவிடுங்கள். ஈரக் கையோடு தொடவே வேண்டாம்.

கேபிளை மாற்றியும் லைனில் 355 வோல்ட்தான் வந்தால் ஆம்பியர் 9-ஐ ஒட்டித்தான் நிற்கும். அதைச் சரிசெய்வது மின்வாரியத்தின் பொறுப்பு. ஒரு வாரத்துக்குத் தேதி, நேரம், வோல்ட், ஆம்பியர் நான்கையும் நோட்டில் எழுதி, மனுவோடு பிரிவு அலுவலகத்தில் கொடுங்கள். "வோல்டேஜ் இல்லை" என்ற புலம்பலைவிட, எழுதிய எண்ணுக்கு மதிப்பு அதிகம். அதுவரை, வோல்டேஜ் ஏறும் நேரம் பார்த்து இறையுங்கள்.

1990-ல் நம் மாநிலத்தில் விவசாயப் பம்புசெட்டுக்கு இலவச மின்சாரம் வந்தது. ஆனால் காயில் கட்டும் கூலி இலவசம் இல்லை. மோட்டார் மேலே கிடக்கும் நாட்களில் காயும் பயிரும் இலவசம் இல்லை. நாளைக்கு சுவிட்ச் போட்டதும் வாய்க்காலைப் பார்ப்பதற்கு முன்னால் ஆம்பியர் முள்ளைப் பாருங்கள்.